பதினாறு டப்பாக்களும் ஒரு சந்தேகமும்

நான் வைத்த கத்தரிக்காய்க் குழம்பில் ஒரு கவளம் சோற்றைப் பிசைந்து, தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழிக்குப் போட்டுவிட்டு, அது என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார் என் மாமியார்.

சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது ஆறாம் மாதம்.

கோழி அவசர அவசரமாகக் கொத்தித் தின்றது. அலகை மண்ணில் இரண்டு பக்கமும் தேய்த்துக்கொண்டது. முருங்கை மரத்தடிக்குப் போய் இறக்கையை விரித்துப் படுத்தது. மாமியார் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். கோழி ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தது.

பிறகு உள்ளே வந்தார். நான் துணி மடிப்பதுபோல் நின்றேன். குழம்புச் சட்டியை மூடி ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, காலையில் தானே காய்ச்சிய கஞ்சியைச் சொம்பில் ஊற்றிக் குடித்தார். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு கரும்பு வெட்டக் கிளம்பிவிட்டார்.

அதற்குள் அந்த வீட்டில் அவர் என்னையும் நான் அவரையும் வேவு பார்ப்பது பழகிப்போயிருந்தது.

மலையிலிருந்து வந்தவள்

சென்ற வாரம் எங்கள் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. நான் கல்வராயன் மலையில் பிறந்தவள். கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் படிக்க இறங்கி வந்தபோது, விடுதிக்கு ஒயரிங் வேலைக்கு வந்த சேகரைப் பார்த்தேன். இரண்டு வீட்டிலும் வேண்டாம் என்றார்கள். நாங்கள் கேட்கவில்லை.

சேகரின் அம்மா அஞ்சலை கணவர் இல்லாமல், கூலி வேலை செய்தே மகனை ஆளாக்கியவர். ஒரு மாதம் கழித்து அவரே நாங்கள் தங்கியிருந்த வாடகை வீட்டுக்கு வந்து, "வூட்ட வச்சிக்கினு எதுக்கு வாடவ குடுத்துக்கினு? வாங்க" என்று கச்சிராயபாளையத்துக்கு அழைத்துப் போனார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குடத்தைப் பார்த்துச் சொன்னார்.

மலைக்காரி என்றால் எல்லோருக்கும் ஒரு நினைப்பு உண்டு. விடுதியில் நான் கொண்டுபோன தேனை ஒரு தோழி வாங்கிக்கொண்டாள். மறுநாள் அது குப்பைத் தொட்டியில் பாட்டிலோடு கிடந்தது. "தப்பா நெனச்சிக்காத பூங்கொடி, எங்கம்மாதான் மலையிலேர்ந்து வர்றத எதையும் தின்னாதன்னு சொன்னாங்க" என்றாள். எங்கள் ஆட்கள் சோற்றில் மருந்து வைத்துவிடுவார்களாம். மனசை மாற்றும் மருந்து, உடம்பை உருக்கும் மருந்து. எங்கள் ஊரில் தலைவலிக்கு மாத்திரை கிடைப்பதே கஷ்டம்.

பதினாறு டப்பாக்கள்

சும்மா இருக்கத் தெரியாதவள் நான். காலிப் புட்டி கிடைத்தால் நூல் சுற்றுவேன், கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் பூவாக வெட்டுவேன். அந்த வீட்டுச் சமையலறையைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது.

அலமாரி நிறைய அடிவாங்கிய டப்பாக்கள். மிளகாய்த்தூள் ஒரு பழைய பால்மாவு டப்பாவில். மல்லித்தூள் நான்கு மூலை பிஸ்கட் டின்னில். சீரகம் ஒரு குட்டை எவர்சில்வர் சம்படத்தில், சோம்பு மூடி உடைந்த கண்ணாடிப் பாட்டிலில். ஒன்றுக்கொன்று ஒட்டாத கூட்டம்.

மாமியார் காய்ச்சலில் மூன்று நாள் படுத்து எழுந்த கையோடு, தீபாவளிக்கு முன்னால் ஒரே அளவில் பதினாறு பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கினேன். செய்முறை எளிது. பழைய புடவையின் ஜரிகைக் கரையை டப்பாவின் சுற்றளவுக்கு வெட்டிப் பசை தடவி ஒட்ட வேண்டும். மேலும் கீழும் லேஸ். மூடியில் கம்பளி நூலால் ஒரு குஞ்சம். இரண்டு விரலில் நாற்பது சுற்று சுற்றி, நடுவில் முடிச்சுப் போட்டு, ஓரத்தைக் கத்தரித்தால் குஞ்சம் தயார். பெயர்களை வளைவு வளைவான எழுத்தில் அட்டையில் எழுதி முன்பக்கம் ஒட்டினேன். பழையதையெல்லாம் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன்.

வேலையிலிருந்து வந்த அத்தை அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். புடவைக் கரை சுற்றிய பதினாறு டப்பாக்கள், ஒரே உயரம், ஒரே சிவப்பு.

"நல்லாத்தான் கீது" என்றார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அது அந்த நேரத்தில் என் புத்தியில் ஏறவில்லை. இதை இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

உப்பு

அதற்குப் பிறகுதான் சாப்பாடு கெடத் தொடங்கியது.

ஒருநாள் ரசத்தில் சீரகத்துக்குப் பதில் சோம்பு. ஒருநாள் குழம்பு முழுக்க மிளகாய், கண்ணில் தண்ணீர் வந்தது. என் டப்பாக்கள் பிடிக்காமல் வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தேன். சேகர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "வேல கீது" என்று எழுந்துபோவார். கடைத்தெருவில் பரோட்டா சாப்பிடுகிறார் என்று சட்டை வாசனையே சொல்லிவிடும்.

சரி, நானே சமைக்கிறேன் என்று இறங்கினேன். எனக்குச் சுருக்கமான சமையல்தான் பிடிக்கும். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு பங்கு சாமைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டு மூடினால் கால் மணி நேரத்தில் உப்புமா. அதற்கு ஒரு தக்காளித் தொக்கு. நான் ருசி பார்த்து இறக்கி வைத்தால் சரியாக இருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் வாயில் வைக்க முடியாது. உப்பு கரிக்கும்.

உப்பு டப்பாவின் உள்ளே பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன். நான் சமைத்து முடித்தபோது உப்பு கோட்டோடு இருந்தது. குளித்துவிட்டு வந்து பார்த்தால் கோட்டுக்குக் கீழே ஒரு விரல்கடை இறங்கியிருந்தது.

மறுநாள் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். அத்தை என் தொக்கைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்தார். ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டுக் கிளறினார். மறுபடி தொட்டு நக்கினார். இன்னும் அரைப் பிடி.

என் சமையலைக் கெடுத்து, மகனிடம் என்னைக் கெட்ட பெயர் எடுக்க வைக்கிறார் என்றே முடிவு செய்தேன். வேறு எப்படி நினைக்க முடியும், சொல்லுங்கள்.

அவரும் என்னைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். நான் அடுப்படியில் நின்றால் ஏதாவது எடுக்க வருவதுபோல் வருவார். கோபம் ஆறி மலையிலிருந்து அம்மா அனுப்பத் தொடங்கியிருந்த பையை நான் பிரிக்கும்போது பக்கத்தில் வந்து உட்காருவார். "இது இன்னா வேரு?" என்பார். "மாகாளிக் கெழங்கு அத்த, ஊறுகா போடறது" என்றால், தலையை ஆட்டிக்கொண்டே அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அடிக்கடி வந்து வாசலில் அவரோடு குசுகுசுப்பார். நான் போனால் பேச்சு கோழிக்கும் வெயிலுக்கும் தாவிவிடும். தை மாதத்தில் ஒருநாள் இருவரும் விடிந்ததும் பஸ் ஏறிச் சங்கராபுரம் பக்கம் போனார்கள். எங்கே என்று கேட்டதற்கு, "சொந்தக்காரங்க வூடு" என்றார் அத்தை. அந்தப் பக்கம் அவருக்குச் சொந்தமே கிடையாது என்று சேகர் சொன்னார்.

அதன் பிறகு வந்ததுதான் கோழிச் சங்கதி.

கட்டி வைத்த பை

ஏழாம் மாதம் வளைகாப்பு. மலையிலிருந்து அம்மாவும் உறவுக்காரர்களும் வருவதாக இருந்தது. பிரசவம் மலையில் வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு இறங்குவதற்குள் வழியிலேயே ஏதாவது ஆகிவிடும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஆனால் நான் யாருக்கும் தெரியாமல் இன்னொரு முடிவு எடுத்திருந்தேன். கட்டிலுக்கு அடியில் பையைக் கட்டி வைத்தேன். நான் சமைத்ததைக் கோழிக்கு வைத்துப் பார்க்கிற வீட்டில் பிள்ளை பெற்றுக்கொள்ள என்னால் முடியாது. சடங்கு முடிந்ததும் அம்மாவோடு வேன் ஏறிவிடுவது. திரும்பி வருவதா இல்லையா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சமையல் முழுக்கத் தானே செய்வதாகச் சொல்லிவிட்டார் அத்தை. நாற்பது பேருக்கு அஞ்சு வகைச் சோறு. புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல்.

"நீ அடுப்பாண்ட வர வேணாம். மாசமா இருக்கசொல்ல சூடு ஆவாது" என்றார். எனக்கு அதில் அக்கறை எதுவும் கேட்கவில்லை.

அலங்காரம் மட்டும் என் பங்கு. பழைய காலண்டர் தாள்களை விசிறியாக மடித்து, மூன்று மூன்றாகச் சேர்த்து வட்டமாக்கிச் சுவரில் ஒட்டினேன். நாற்காலிக்கு மேலே கம்பளிக் குஞ்சத் தோரணம். வருகிற பெண்களுக்குக் கொடுக்க, பிளாஸ்டிக் வளையல்களில் பச்சையும் மஞ்சளுமாகப் பட்டுநூல் சுற்றி வைத்திருந்தேன். நூல் சுற்றும்போது விரல் வேலை செய்துகொண்டே இருக்கும், மனசு பையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கும்.

வளைகாப்பு அன்று காலை

சேகர் எங்கள் ஆட்களை அழைத்துவர வேனோடு போயிருந்தார். கன்னியம்மா பின்வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் கூடத்தில் கடைசி விசிறியை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

கேஸ் நாற்றம் வந்தது. லேசாக அல்ல, குப்பென்று.

சமையலறைக்கு ஓடினேன். பெரிய அடுப்பில் சோறு பொங்கி வழிந்து நெருப்பு அணைந்திருந்தது. திருகு திறந்தபடியே இருந்தது. அத்தை அதைக் கவனிக்காமல், பக்கத்து அடுப்பில் வாணலியை வைத்துவிட்டுக் கையில் லைட்டரை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அத்த!"

கத்தியபடியே அவர் கையிலிருந்து லைட்டரைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். திருகை மூடினேன். சிலிண்டரை மூடினேன். ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த கன்னியம்மா, "பாத்தியா அஞ்சல, ஒன்ன அடுப்பாண்டயே வுட மாட்டேன்றா" என்று தொடங்கினார். அடுத்த நொடி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "அய்யோ, இன்னா இது, கேஸ் இப்டி நாறுது!"

நானும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தேன். அந்த மூன்று பேரில் மூக்கைப் பொத்தாமல் நின்றவர் அத்தை மட்டும்தான்.

"உங்களுக்கு நாத்தம் வரலியா?"

"வந்துச்சி, வந்துச்சி" என்றார். கண்கள் என்னையும் கன்னியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தன.

நான் நம்பவில்லை. நாலைந்து மாதமாக எதையும் நம்பாமல் பழகியிருந்தேன். அலமாரியிலிருந்து பெருங்காயத்தூள் டப்பாவை எடுத்துத் திறந்து அவர் மூக்கருகே நீட்டினேன்.

"இது இன்னா சொல்லுங்க."

அவர் டப்பாவைப் பார்த்தார். நான் வளைத்து வளைத்து எழுதிய எழுத்தைப் பார்த்தார். உள்ளே இருந்த தூளைப் பார்த்தார்.

"மல்லித்தூளு."

வாசலில் நின்ற கன்னியம்மாவுக்கே பெருங்காயம் மணத்திருக்கும். அவர் வாயைத் திறந்தார். "நீ சித்த வெளிய போ" என்றார் அத்தை. கன்னியம்மா போனார், ஆனால் ரொம்ப தூரம் போகவில்லை.

அவர் சொன்னது

அத்தை கீழே உட்கார்ந்துவிட்டார்.

"ஐப்பசி காய்ச்சல்ல போச்சி. தெருவுக்கே வந்துச்சே, அப்ப. நீ ஒரு ரசம் வச்சி குடுத்த. ஒங்கம்மா குடுத்தனுப்ன மொளகு போட்டு. அத குடிச்சிட்டு படுத்தேன். ஏந்து பாத்தா வாயெல்லாம் மண்ணு. உப்பு தெரில, ஒறப்பு தெரில. மூக்கும் செத்துப்போச்சி."

"ஏன் சொல்லல?"

"யாராண்ட சொல்றது? நீதான் இன்னாத்தியோ வச்சிட்டேன்னு நெனச்சிக்கினு இருக்கசொல்ல, ஒன்னாண்டயே வந்து சொல்றதா?"

சங்கராபுரம் பக்கம் போனது மருந்து எடுக்க. வயிற்றில் வைத்த மருந்தைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கிறவராம். முடியும் அழுக்குமாக ஒரு சின்ன உருண்டையை இலையில் துப்பிக் காட்டியிருக்கிறார். "கண்ணால பாத்தேன்" என்றார் அத்தை. அதைப் பார்த்த பிறகும் நாக்கு திரும்பவில்லை. அப்படியென்றால் நான் மறுபடி மறுபடி வைக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"வைக்கிறவ எதுக்கு அத்த ஒங்களுக்குக் காய்ச்சல்ல மூணு நாளு கஞ்சி காச்சி ஊட்டணும்? அப்டியே வுட்டிருக்க மாட்டனா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாக்கு செத்தவன்னு தெரிஞ்சா அடுப்ப வுட்டு எழுப்பிடுவீங்க. டப்பாவ தொட்டா எது எதுன்னு என் கைக்குத் தெரியும். அதையும் மாத்திப்புட்ட. மோந்து பாக்கலாம்னா மூக்கும் இல்ல. நான் இன்னாதான் பண்ணுவேன்?"

அந்த இடத்தில்தான் என் கோபம் நின்றது. தணியவில்லை, நின்றது. அவர் என் சமையலில் அள்ளிப் போட்ட உப்பு கெடுப்பதற்காகப் போட்டதல்ல. அவருக்கு உண்மையாகவே உப்பு தெரியவில்லை. மிளகாயையும் சோம்பையும் அவர் கையிலிருந்து மறைத்தவள் நான்தான். ஜரிகைக் கரை ஒட்டி, குஞ்சம் வைத்து மறைத்திருந்தேன்.

நாற்பது பேர் வருமுன்

வேன் வர அரை மணி நேரம் இருந்தது. நான் ஒவ்வொரு சோறாக ருசி பார்த்தேன். புளிச்சோறு உப்புக் கரித்தது. எலுமிச்சைச் சோற்றில் உப்பே இல்லை. இரண்டும் வேறு வேறு சோறாகப் போனதில் எனக்கு வருத்தம்.

"வெறுஞ்சோறு எவ்ளோ கீது அத்த?"

"ஒரு அன்னக்கூட கீது."

நாற்றம் முழுக்கப் போனதும் அடுப்பைப் பற்றவைத்தோம். புளிச்சோற்றில் வெறுஞ்சோற்றைக் கொட்டி, நல்லெண்ணெயும் ஒரு துண்டு வெல்லமும் சேர்த்துக் கிளறச் சொன்னேன். உப்பு கூடிய புளிச்சோற்றுக்கு இதைவிட வழி கிடையாது. எலுமிச்சைச் சோற்றுக்கு உப்பை வெந்நீரில் கரைத்துத் தெளிக்கச் சொன்னேன். அவர் கிளறுவார், நான் ருசி பார்ப்பேன். "இன்னும் கொஞ்சம்", "போதும்" என்பேன். அவர் கையின் அளவு ஒவ்வொரு முறையும் சரியாக இருந்தது. கைக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

சர்க்கரைப் பொங்கலில் ஏலக்காய் என்று சுக்குத்தூளைப் போட்டிருந்தார். அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. வந்தவர்கள் அதைத்தான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள்.

சடங்கில் எனக்கு வளையல் போட்டு, சந்தனம் பூசி, அஞ்சு வகைச் சோறும் இலையில் வைத்தார்கள். கன்னியம்மா முன் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை அதைப் பார்த்தார். எழுந்து என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஒரு வாய் ஊட்டு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மாமியார்தான் மருமகளுக்கு ஊட்டுவது வழக்கம்.

"ஊட்டுமா. எல்லாரும் பாக்கட்டும்."

புளிச்சோற்றை உருட்டி அவர் வாயில் வைத்தேன். மென்று விழுங்கினார். அவருக்கு அதில் புளிப்பும் இல்லை, உப்பும் இல்லை, மண்ணுதான். கன்னியம்மாவின் குசுகுசுப்பு நின்றது.

சாயங்காலம் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள். "மொகம் செரியில்ல ஒனக்கு. எங்கூட வர்றியா?"

நான் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். "இல்லம்மா. இவங்களுக்குக் கேஸ் நாத்தம் தெரியாது. தனியா வுட முடியாது" என்றேன். அன்பு என்று அப்போது சொல்ல வாய் வரவில்லை. இருந்ததா என்றும் தெரியவில்லை.

டாக்டர் சொன்னது

கள்ளக்குறிச்சியில் காது மூக்கு டாக்டரிடம் அழைத்துப் போனோம். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகும், திரும்பவும் வரலாம், எப்போது என்று சொல்ல முடியாது என்றார். தினமும் இரண்டு வேளை, தெரிந்த நான்கு பொருள்களை நினைவுபடுத்திக்கொண்டே முகர்ந்து பார்க்கச் சொன்னார்.

"ரசத்துனால இப்டி ஆவுமா சார்?" என்று அத்தை கேட்டார். நான் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டார்.

"ரசம் குடிச்சா ஒண்ணும் ஆகாதும்மா" என்று சிரித்தார் டாக்டர்.

அத்தை சிரிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். உருண்டையைக் கண்ணால் பார்த்தவர் அவர். டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையில் அது கரைந்துவிடுமா? நானும் அப்படித்தான். பல நாள் வரை, சாப்பிட உட்காரும் முன் குழம்பை விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொண்டேன்.

டப்பாக்களின் புடவைக் கரையைக் கிழித்தெறிந்தேன். உள்ளே இருப்பது வெளியே தெரிந்தது. மிளகாய்த்தூள் மூடியில் ஒரு முடிச்சு, மல்லிக்கு இரண்டு, சோம்புக்குப் புளியங்கொட்டை என்று அவரே சொல்லச் சொல்ல ஒட்டினேன். பார்க்க அசிங்கமாக இருந்தது. ரசத்தில் சோம்பு விழுவது நின்றது.

காலையும் மாலையும் பட்டை, பூண்டு, எலுமிச்சை இலை, காப்பித்தூள் என்று கிண்ணங்களில் வைத்துக்கொண்டு முகர்வார். "வருதா அத்த?" என்பேன். "ஒண்ணுமில்ல" என்பார். வாரங்கள் போயின. கேட்பதை நிறுத்திவிட்டேன்.

வெயில் காலத்தில்

மகன் பிறந்து இருபது நாள் இருக்கும். மத்தியானம். நான் உள் அறையில் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். கதவு சாத்தியிருந்தது. அத்தை கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏ பூங்கொடி, புள்ள ஆயி போயிட்டான் பாரு. துணிய மாத்து" என்று குரல் வந்தது.

நான் தூக்கக் கலக்கத்தில் எழுந்து துணியை விலக்கினேன். ஆமாம், போயிருந்தான். அப்போதுதான் விழித்துக்கொண்டேன். குழந்தை அழவில்லை. கதவு சாத்தியிருக்கிறது.

எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். கதவிடுக்கு வழியாகப் பார்த்தாரோ? எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். அவர் அந்தக் கோடியில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கீரைக் காம்பைப் பிடித்த கை அப்படியே நின்றிருந்தது.

"அத்த, ஒங்களுக்கு எப்டித் தெரியும்?"

அவர் மெதுவாகத் திரும்பினார். மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். மறுபடி உறிஞ்சினார். கண் கலங்கிவிட்டது.

நான் குழந்தையிடம் திரும்பிப் போய்த் துணியை எடுக்கக் குனிந்தேன். மடியிலிருந்த கீரையெல்லாம் தரையில் சிதற அவர் எழுந்து ஓடி வந்தார்.

"இரு, இரு. மாத்தாத."

குழந்தையின் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, முகத்தைத் தாழ்த்திக்கொண்டு, ஆசை தீர மோந்து பார்த்தார்.